வேலியில்லாத வயல்: காமஸ் கிழங்கின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

தொண்ணூறுகளில் சுற்றுச்சூழல் கூட்டம் எங்கே நடந்தாலும் சியாட்டில் என்கிற அமெரிக்கப் பூர்வகுடித் தலைவரின் உரை அங்கே வந்துவிடும். தட்டியில் எழுதி வைத்திருப்பார்கள், அல்லது ரோனியோ எடுத்துக் கையில் கொடுப்பார்கள். நிலத்தை விலைக்குக் கேட்ட வெள்ளையனுக்கு அவர் சொன்ன பதில் என்று அது அறிமுகமாகும். தமிழில் அதற்குப் பல மொழிபெயர்ப்புகள் உண்டு. நானும் ஒரு கூட்டத்தில் அதை உரக்க வாசித்திருக்கிறேன். வாசிக்கும்போது தொண்டை அடைத்தது உண்மை.

அந்தப் பிரதியின் கதை பிறகுதான் தெரியவந்தது. 1854இல் அவர் பேசியதாகச் சொல்லப்படும் உரை முதன்முதலாக அச்சில் வந்தது 33 வருஷம் கழித்து, 1887இல். ஹென்றி ஸ்மித் என்கிற வெள்ளைக்காரர் தன் நினைவிலிருந்தும் குறிப்புகளிலிருந்தும் எழுதியதாகச் சொல்லி ஒரு ஞாயிறு இதழில் வெளியிட்டார். நம் தட்டிகளில் இருந்தது அதுகூட இல்லை. 1970களின் தொடக்கத்தில் டெட் பெரி என்கிறவர் ஒரு சுற்றுச்சூழல் படத்துக்காக எழுதிக்கொடுத்த வசனம் அது. படத்தைத் தயாரித்தவர்கள் அதைச் சியாட்டிலின் வாயில் வைத்தார்கள், உலகம் நம்பியது, நாமும் நம்பினோம்.

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர் கேட்டார்: "போலின்னே வச்சுக்குவோம். கருத்து நல்லாத்தானே இருக்கு, உங்களுக்கு என்ன பிரச்சினை?" அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இந்தக் கட்டுரையை அவருக்கான தாமதமான பதிலாக எடுத்துக்கொள்ளலாம். அந்த உரையில் ஆறு வருகிறது, காற்று வருகிறது, மிருகங்கள் வருகின்றன. யாராவது ஒரு பெண் முதுகு வளைந்து கிழங்கு தோண்டுகிறாளா என்று தேடினேன். இல்லை. அந்த நிலத்தில் யாருமே வேலை செய்வதில்லை. சியாட்டிலின் வாயில் வைக்கப்பட்ட கவிதையிலும், அவர் மக்களை 'நாகரிகமற்றவர்கள்' என்று எழுதிய குடியேற்ற அதிகாரிகளின் அறிக்கையிலும் இந்த ஓர் அம்சம் பொதுவாக இருப்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அந்த உறுத்தல்தான் என்னைக் காமஸிடம் கொண்டுபோய் விட்டது.

காமஸ் வட அமெரிக்காவின் வடமேற்கில் வளரும் ஒரு பல்லாண்டுச் செடி. மாரியிலும் வசந்தத்திலும் தண்ணீர் நின்று, கோடையில் காய்ந்து வெடிக்கும் ஈரப் புல்வெளிகள்தான் அதன் இடம். அங்கே அவற்றைப் பிரெய்ரி என்பார்கள். நீலப்பூ பூக்கும். மண்ணுக்கடியில் இருப்பது வெங்காயம், பூண்டு மாதிரியான குமிழ். தாவரவியல்படி அது கிழங்கல்ல என்றாலும் வசதிக்காகக் கிழங்கு என்றே எழுதுகிறேன். பழைய தாவர நூல்களில் லில்லிக் குடும்பம் என்று இருக்கும், இப்போது தண்ணீர்விட்டான் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். எந்தக் கலைக்களஞ்சியத்தைப் புரட்டினாலும் முதல் வரியில் 'காட்டுச் செடி' என்று இருக்கும். நம் வாசிப்பு அந்த முதல் வரியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

லூயிஸும் கிளார்க்கும் தலைமை தாங்கிய பயணக்குழு 1805 செப்டம்பரில் பிட்டர்ரூட் மலைத்தொடரைக் கடந்தபோது ஏறக்குறையப் பட்டினியில் இருந்தது. குதிரைக் குட்டிகளைக் கொன்று தின்றுகொண்டு வந்தவர்கள். செப்டம்பர் 20ஆம் தேதி கிளார்க் சில வேட்டையாட்களுடன் முன்னால் இறங்கி வீப்பே என்கிற சமவெளிக்கு வந்தார். இன்றைய ஐடஹோ மாநிலத்தில் இருக்கிறது அது. அங்கே இருந்தவர்கள் நெஸ் பெர்ஸ் என்று பிரெஞ்சுக்காரர்கள் பெயர் வைத்த மக்கள். தங்களை அவர்கள் நிமீப்பூ என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் வந்தவர்களுக்குக் காய்ந்த மீனும் கிழங்கு ரொட்டியும் கொடுத்தார்கள். வெள்ளைக்காரர்களைக் கொன்றுவிடலாமா என்று பேச்சு வந்ததாகவும், வாட்குவெயிஸ் என்கிற முதிய பெண்தான் தடுத்ததாகவும் நிமீப்பூ வாய்மொழி வரலாறு சொல்கிறது. கிழங்கைத் தின்ற குழு வயிறு உப்பிப் பல நாள் படுத்துக் கிடந்தது. காமஸில் இனுலின் என்கிற மாவுப்பொருள் உண்டு, அது பக்குவமாக வேகாவிட்டால் மனிதக் குடலுக்கு ஒத்துவராது. கருணைக்கிழங்கைச் சரியா வேகவைக்காமல் தின்றவன் நாக்கைக் கேட்டால் தெரியும். பட்டினி கிடந்த வயிற்றில் புதுச் சாப்பாட்டை ஒரேயடியாகத் திணித்ததும் காரணமாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் ஜூனில் திரும்பி வரும்போது லூயிஸ் அந்தச் சமவெளியைப் பூத்த நிலையில் பார்க்கிறார். தூரத்திலிருந்து தெளிந்த நீர் நிறைந்த ஏரிபோலத் தெரிந்தது, தண்ணீரென்றே சத்தியம் செய்திருப்பேன் என்கிற பொருளில் எழுதுகிறார். அந்த வரியை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். அதே நாட்களில் அவர் எழுதிய இன்னொரு குறிப்பை அவ்வளவாக யாரும் கண்டுகொள்வதில்லை: குழி எப்படித் தோண்டப்படுகிறது, கல் எப்படிக் காய்ச்சப்படுகிறது, புல்லும் கிழங்கும் மண்ணும் எந்த வரிசையில் அடுக்கப்படுகின்றன என்று ஒரு சமையற்காரனின் கவனத்தோடு அவர் எழுதியிருக்கிறார். அதாவது வேலையை அவர் பார்த்திருக்கிறார். பார்த்தும், செடி லத்தீன் பெயர் பெற்று 1813இல் பர்ஷ் என்கிற தாவரவியலாளரின் நூலில் ஏறும்போது அதனுடன் வேலை ஏறவில்லை. பூ, இலை, தண்டு மட்டும் ஏறின. (சிற்றினப் பெயர் மட்டும் 'குவாமாஷ்' என்று உள்ளூர்ச் சொல்லின் சாயலில் நின்றது.)

அந்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். விதை முளைத்துப் பூக்கும் வயதுக்கு வர மூன்று முதல் ஐந்து வருஷம் ஆகும். பெண்கள் நுனி வளைந்த தோண்டுகோலால் மண்ணைப் பெயர்த்து, பெரிய கிழங்கை எடுத்துக்கொண்டு சின்னதை மறுபடி புதைத்துவிடுவார்கள். தோண்டத் தோண்ட மண் பொலபொலவென்று இளகும், விதை அதில் விழும். அதே புல்வெளியில் 'சாவுக் காமஸ்' என்று இன்னொரு செடியும் வளர்கிறது. வெளிறிய பூ, கிழங்கு கடும் விஷம். பூ உதிர்ந்த பிறகு கிழங்கை வைத்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம். அதனால் பூத்திருக்கும்போதே அதைப் பிடுங்கி எறிய வேண்டும். இதை நாம் களையெடுப்பு என்றுதான் சொல்லுவோம். கோடை முடிவில் புல்வெளிக்குத் தீ வைப்பார்கள், இல்லாவிட்டால் புதரும் மரமும் ஏறிவிடும். 1826இல் ஓரிகன் பகுதியின் வில்லாமெட் பள்ளத்தாக்கில் நடந்துபோன டேவிட் டக்ளஸ் என்கிற தாவரச் சேகரிப்பாளர் நாள்கணக்கில் கரிந்த நிலத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். வேகவைக்க ஒரு நாளிலிருந்து மூன்று நாள்வரை ஆகும். இனுலின் சிதைந்து சர்க்கரையாகி, கிழங்கு கறுத்து இனிக்கும். அதை இடித்து ரொட்டியாக்கிக் காயவைத்தால் மாரிக்காலம் முழுக்கக் கெடாது, பண்டமாற்றுக்கும் போகும்.

இது எவ்வளவு பழைய வேலை? வில்லாமெட்டிலும் காலிஸ்பெல் பள்ளத்தாக்கிலும் தோண்டிய மண்ணடுப்புகள் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமை கொண்டவை. கருகிய கிழங்குகளின் வளர்ச்சியைப் பார்த்து 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன்பே முதிர்ந்த கிழங்கை மட்டும் தேர்ந்து எடுக்கும் பழக்கம் நிலைத்துவிட்டது என்று சொல்கிறது. காட்டுச் செடி என்று கலைக்களஞ்சியம் சொல்வது ஒரு தாவர உண்மையாக இருக்கலாம். அது வளர்ந்த புல்வெளியைக் காடு என்று சொன்னது யார், எதற்கு என்பது வேறு கேள்வி.

இங்கே ஜான் லாக்கைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கரோலினாக் குடியேற்றத்தின் உரிமையாளர்களுக்குச் செயலாளராக இருந்த தத்துவவாதி. 1689இல் வெளிவந்த அரசாங்கம் பற்றிய இரண்டாம் ஆய்வுரையில் சொத்துக்கு இலக்கணம் சொல்கிறார். உழைப்பைக் கலந்தால் பொருள் உனக்குச் சொந்தம். இதை நம் இடதுசாரி நண்பர்களும் பாதி சந்தோஷத்தோடு ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அந்த அத்தியாயத்தில் இரண்டு வகை உழைப்பு இருக்கிறது. மரத்தடியில் கொட்டையைப் பொறுக்கியவனுக்கு அந்தக் கொட்டை சொந்தம். உழுது, நட்டு, திருத்தியவனுக்கு நிலமே சொந்தம். பொறுக்குகிறவனின் உழைப்பு அவன் மடியோடு முடிந்துவிடுகிறது, மண்ணுக்குள் இறங்குவதில்லை. வேலி என்றால் என்னவென்று தெரியாத 'காட்டு இந்தியன்' அங்கே முதல் வகைக்கு உதாரணமாக நிற்கிறான். ஒரு செடிக்கு 'காட்டு' என்ற அடைமொழி விழுந்ததும் அதைத் தோண்டுகிறவள் பொறுக்குகிறவள் ஆகிறாள். அவளுக்குக் கிழங்கு உண்டு, நிலம் இல்லை. அடுத்து நாம் பார்க்கப்போகிற ஒப்பந்தங்களை இந்த இலக்கணத்தின் பயிற்சி நூல்கள் மாதிரி வாசிக்கலாம்.

முதலில் வடக்கே, இன்றைய கனடாவின் வான்கூவர் தீவு. ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் ஜேம்ஸ் டக்ளஸ் 1842இல் கோட்டை கட்ட இடம் தேடி அங்கே வருகிறார். (முன்பு சொன்ன டேவிட் டக்ளஸ் வேறு ஆள்.) சுற்றிலும் இருண்ட ஊசியிலைக் காடு. நடுவே ஓக் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும் திறந்த புல்வெளி, ஆழமான கறுப்பு மண். ஏதேன் தோட்டம் என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். தோட்டம் என்கிற சொல் கைக்கு வந்தும் தோட்டக்காரி யார் என்று தோன்றவில்லை. லெக்வுங்கன் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தீ வைத்தும் தோண்டியும் திறந்து வைத்திருந்த காமஸ் வயல்கள் அவை. எந்தத் துண்டு எந்தக் குடும்பத்துக்கு என்கிற கணக்கும் இருந்தது. 1843இல் அங்கே விக்டோரியாக் கோட்டை எழுந்தது.

1850இல் டக்ளஸ் அந்த மக்களுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்களின் கதை நமக்குப் பழகிய கதைதான். தலைவர்கள் வெற்றுத்தாளில் குறி போட்டார்கள். வாசகம் பிறகு லண்டனிலிருந்து வந்து சேர்ந்தது, நியூசிலாந்தில் பயன்பட்ட ஒரு படிவத்தை ஒட்டி. அந்த வாசகப்படி கிராம இருப்பிடங்களும் 'வேலியிட்ட வயல்களும்' பூர்வகுடிகளிடமே இருக்கும், மீதி என்றென்றைக்கும் வெள்ளையர் சொத்து. கிடைத்தது போர்வை. காமஸ் வயலுக்கு யாரும் வேலி போட்டதில்லை. மாடு வளர்க்காதவர்கள் எதற்கு வேலி போடுவார்கள்? வேலியிட்ட என்கிற அந்த ஒரே அடைமொழி, ஆயிரக்கணக்கான வருஷ வேலையை ஒப்பந்தத்துக்கு வெளியே தள்ளிவிட்டது. வந்தவர்களின் மாடும் பன்றியும் உள்ளே வந்தன, தீ வைப்பது குற்றமாயிற்று. கிராண்ட் என்கிற குடியேறி 1850இல் தன் ஊர் நினைவுக்காக விதைத்த மஞ்சள் பூப் புதர் ஒன்று புல்வெளியெல்லாம் ஏறி இன்றுவரை வெட்டி மாளவில்லை. அந்த ஓக் புல்வெளிகளில் இன்று ஐந்து விழுக்காடுகூட மிஞ்சவில்லை என்கிறார்கள்.

வில்லாமெட்டில் இதற்கு ஒப்பந்தம்கூட அவ்வளவாகத் தேவைப்படவில்லை. 1830களின் தொடக்கத்தில் வந்த மலேரியாக் காய்ச்சல் கலபூயா மக்களில் பெரும்பாலோரைக் கொன்றுவிட்டது. 1840களில் வண்டி கட்டி வந்தவர்கள், இயற்கை தங்களுக்காகவே மரம் வெட்டி வைத்த புல்வெளி என்று அதை நினைத்துக் கோதுமை போட்டார்கள்.

நிமீப்பூ மக்களிடம் திரும்புவோம். 1855 ஒப்பந்தத்தில் அவர்களுக்கு ஏறக்குறைய 75 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டது. அதற்கு வெளியே கிழங்கும் பழமும் சேகரிக்கும் சலுகை உண்டு என்று தனியாக எழுதினார்கள். எங்கே? 'திறந்த, யாரும் உரிமை கோராத நிலத்தில்.' இதைத் திரும்பப் படிக்க வேண்டும். ஒரு வெள்ளையன் வந்து நாலு முளை அடித்தால் உரிமை கோரியதாகிவிடும், கிழங்குச் சலுகை அந்த இடத்தில் அதோடு முடிந்தது. தோண்டுகிறவள் எத்தனை தலைமுறை தோண்டினாலும் அது 'கோருதல்' ஆகாது. லாக் உயிரோடு இருந்திருந்தால் பாராட்டியிருப்பார்.

1860இல் அந்த நிலத்திலேயே, வீப்பேவுக்கு அருகில், தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. 1863இல் புது ஒப்பந்தம் வந்தது. 75 லட்சம் ஏக்கர் ஏறக்குறைய ஏழரை லட்சமாயிற்று. நிமீப்பூ மக்கள் இதைத் திருட்டு ஒப்பந்தம் என்கிறார்கள். கையெழுத்துப் போடாத கூட்டங்களை 1877 மே மாதம் ஜெனரல் ஹோவர்ட் கூப்பிட்டு, முப்பது நாளில் ஒதுக்கீட்டு எல்லைக்குள் வந்துவிட வேண்டும் என்றார். மந்தைகளோடு வெள்ளத்தில் ஆற்றைக் கடந்து வந்தவர்கள், கெடு முடியுமுன் கடைசியாகக் கூடிய இடம் வடக்கு ஐடஹோவின் காமஸ் புல்வெளி, டோலோ ஏரிக்கரை. ஜூன் மாதம். பெண்கள் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்துதான் சில இளைஞர்கள் பழைய கொலைகளுக்குப் பழிவாங்கக் கிளம்பினார்கள், போர் மூண்டது. ஆயிரம் மைலுக்கு மேல் துரத்தல். கனடா எல்லைக்கு நாற்பது மைல் முன்னால், அக்டோபர் 5 அன்று, சரண். அதன் பிறகான தலைவர் ஜோசப்பின் சொற்கள் பிரபலம். (அவற்றின் பிரதி வரலாறும் சியாட்டில் உரை மாதிரியே சிக்கலானதுதான்.) சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்புவோம் என்று களத்தில் கொடுத்த வாக்கை மீறி அவர்களைக் கான்சஸுக்கு ரயிலேற்றினார்கள். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் அடுத்த வருஷமே இன்னொரு போர், அதன் தொடக்கத்திலும் கான்சஸ் இருக்கிறது. ஐடஹோவின் தெற்கில் வேறொரு காமஸ் புல்வெளி உண்டு, பானக் மக்களும் ஷோஷோனி மக்களும் வந்து தோண்டும் இடம். 1868 ஜூலையில் ஃபோர்ட் பிரிட்ஜர் என்கிற இடத்தில் கையெழுத்தான ஒப்பந்தத்தில், தங்களுக்கு ஒதுக்கீடு அமையும்போது இந்தக் காமஸ் புல்வெளியின் ஒரு பகுதி அதில் சேர வேண்டும் என்று பானக் மக்கள் கேட்டார்கள், அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். எழுத்தர் எழுதியது 'கான்சஸ் புல்வெளி'. காதில் விழுந்த அந்நியச் சொல்லைத் தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிவிட்டார். கான்சஸ் பல நூறு மைல் கிழக்கே இருக்கும் மாநிலம், பானக் மக்களுக்கு அங்கே என்ன வேலை? திருத்துவது ஒரு நிமிஷ வேலை. யாரும் திருத்தவில்லை. புல்வெளியை அளந்து ஒதுக்கவும் இல்லை. குடியேறிகள் மாட்டையும் குதிரையையும் ஓட்டிவந்தார்கள், பன்றிகளையும் விட்டார்கள்.

பன்றி முக்கியம். மாடு இலையைத்தான் மேயும். பன்றி மூக்காலேயே உழுது, பெரியது சின்னது பார்க்காமல் எல்லாக் கிழங்கையும் தின்னும். பெண்கள் மறுபடி புதைத்த சின்னக் கிழங்கைத் தின்னும். அடுத்த ஐந்து வருஷத்தைத் தின்னுகிறது என்று அர்த்தம். 1878 மே 30 அன்று புல்வெளியில் இரண்டு மேய்ப்பர்கள் சுடப்பட்டுக் காயமடைந்தார்கள். பானக் போர் என்று பெயர் பெற்றது அதிலிருந்து தொடங்குகிறது. பானக் தரப்பை நடத்தியவர் பஃபலோ ஹார்ன். முந்தைய வருஷம் நிமீப்பூ மக்களைத் துரத்திய ராணுவத்துக்கு வழிகாட்டியாகப் போனவர் அவர். ஜூன் 8ஆம் தேதியே சுடப்பட்டு, காயத்தால் இறந்தார். கோடைக்குள் எல்லாம் அடங்கியது. அதில் இழுக்கப்பட்ட பையூட் மக்களை அந்த மாரியில், பனியில், நூற்றுக்கணக்கான மைல் நடத்திக்கொண்டுபோய் யாகிமாவில் விட்டார்கள். போரில் சேராதவர்களும் அதில் இருந்தார்கள். சாரா வின்னெமுக்கா என்கிற பையூட் பெண் 1883இல் வெளியிட்ட தன் நூலில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார்.

இதோடு ஒட்டிப் பார்க்க வேண்டிய இன்னொரு பன்றிக் கதை உண்டு. 1859இல், விக்டோரியாவுக்கு எதிரே சான் ஹுவான் தீவில், ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் பன்றி ஒன்று ஓர் அமெரிக்கக் குடியேறியின் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் புகுந்து தின்றது. அவன் சுட்டுவிட்டான். அமெரிக்கப் படை இறங்கியது, பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வந்தன. கடைசியில் 1872இல் ஜெர்மானியப் பேரரசர் மத்தியஸ்தம் செய்து எல்லையைத் தீர்த்துவைத்தார். செத்தது பன்றி மட்டும். ஒரு கிழங்கைப் பன்றி தின்றால் இரண்டு பேரரசுகள் கடற்படையோடு வந்து நிற்கின்றன. இன்னொரு கிழங்கைப் பன்றி தின்பதை எதிர்த்தால் 'கலகம்' என்று வரலாற்றில் பதிவாகிறது. உருளைக்கிழங்கு பயிர், காமஸ் காட்டுக்கிழங்கு. வித்தியாசம் அவ்வளவுதான். உருளையும் தென் அமெரிக்கப் பூர்வகுடிகள் மலைச்சரிவில் தேர்ந்து தேர்ந்து பயிராக்கிய கிழங்கு என்பதை அந்தக் குடியேறி யோசித்திருக்க மாட்டான்.

இதுவரை எழுதியதை ஒரு தோழியிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் ஒரு கேள்வியில் என்னை மடக்கினார். "அவங்களும் விவசாயிதான், அவங்களும் களையெடுத்தாங்கன்னு நிரூபிக்கிறீங்க. சரி. நிரூபிக்க முடியாமப் போயிருந்தா? நிலம் அவங்களுக்கு இல்லைன்னு ஒத்துக்குவீங்களா?" லாக்கின் நீதிமன்றத்தில் நான் நல்ல வக்கீலாக வாதாடிக்கொண்டிருக்கிறேன், நீதிமன்றத்தைக் கேள்வி கேட்கவில்லை என்கிறார். இதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை.

இதே சிக்கலை ஸ்மோஹல்லாவிடமும் பார்க்கிறேன். கொலம்பியா ஆற்றங்கரையில் வாழ்ந்த வானபம் மக்களின் தீர்க்கதரிசி. 1880களில் ஒரு ராணுவ அதிகாரி பதிவுசெய்து, பிறகு மானிடவியலாளர் ஜேம்ஸ் மூனி 1896இல் வெளியிட்ட அவர் பேச்சில், உழுவது தாயின் மார்பைக் கிழிப்பது என்கிறார். தன் இளைஞர்கள் வேலை செய்யமாட்டார்கள், வேலை செய்கிறவனுக்குக் கனவு வராது என்கிறார். கிழங்கு தோண்டுவதும் வேலைதானே என்று கேட்கப்பட்டபோது, அது சில வாரம்தான், குழந்தையின் விரல் தாய் மார்பில் படுவது போல, அதில் காயமில்லை என்று பதில் வருகிறது. ஆகவே உழைப்பு என்கிற என் சொல்லை அவர் ஏற்கமாட்டார். அது கொடை, எடுத்துக்கொள்ளுதல். லாக்கின் அளவுகோலையே தூக்கி எறிகிற பதில் இது, அந்த வகையில் என் கட்டுரையைவிடத் தீவிரமானது. ஆனால் அவர் பேசுவது இளைஞர்களைப் பற்றி. கிழங்கு தோண்டியவர்கள் பெண்கள். மூன்று நாள் குழியடுப்பைக் காத்தவர்கள் பெண்கள். அவர்கள் எப்போது கனவு கண்டார்கள் என்று அதிகாரியும் கேட்கவில்லை, மூனியும் கேட்கவில்லை. ஸ்மோஹல்லா சொல்லவில்லை. அல்லது சொன்னதில் எது பதிவாயிற்று என்று நமக்குத் தெரியாது. வெள்ளையனின் சட்டம், தீர்க்கதரிசியின் மறுப்பு, நம் சுற்றுச்சூழல் தட்டி இந்த மூன்றிலும் அவளுடைய முதுகு காணாமல் போகிறது. தோழிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: நிலத்துக்கு நிரூபணம் கேட்பது அநியாயம்தான், ஆனால் இந்த முதுகைப் பதிவு செய்வதற்கு லாக் காரணமாக இருக்க வேண்டியதில்லை. அவர் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை.

நான் இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஓயாமல் நினைவுக்கு வந்தது எங்கள் ஊர்க் கண்மாய். பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றிச் சேறாகும்போது கொட்டிக்கிழங்கு தோண்டுவார்கள். மூதுரையில் குளம் வற்றினாலும் விட்டுப்போகாத உறவுக்கு உவமையாக ஆம்பலோடும் நெய்தலோடும் சேர்ந்து வருகிறதே, அந்தக் கொட்டிதான். பள்ளிக்கூடத்தில் உவமையை மனப்பாடம் செய்தோம், அதைத் தின்னலாம் என்று வாத்தியார் சொல்லவில்லை. தோண்டினவர்கள் நிலமில்லாத வீட்டுப் பெண்கள். சின்னதை அவர்களும் சேற்றிலேயே மிதித்துவிட்டு வருவார்கள். பிறகு ஒரு வருஷம் மீன்பாசிக் குத்தகை எடுத்தவன், சேற்றில் யாரும் இறங்கக்கூடாது என்றான். ஊரில் ஒருவரும் கேட்கவில்லை, எங்கள் வீட்டிலும்தான். கண்மாய் நீர்நிலைப் புறம்போக்கு, கிழங்கு யாருடைய கணக்கிலும் இல்லை. இரண்டு செடியும் ஒன்று, இரண்டு வரலாறும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. படைகொண்டு வந்து மக்களை ஒழித்த வரலாற்றை நம் ஊர்ச் சாதி, குத்தகை விவகாரத்தோடு சமப்படுத்துவது இரண்டையும் புரிந்துகொள்ளாததாகும். ஆனால் பொறுக்குகிறவளுக்கு மண்ணில் பாத்தியதை கிடையாது என்கிற இலக்கணம் கடல் கடந்து இங்கேயும் வேலை செய்கிறது. 2006 வன உரிமைச் சட்டம் பெரிய போராட்டத்தில் கிடைத்தது, அதைக் குறைத்துப் பேசமாட்டேன். அதிலும் கிழங்கு, தேன், மூங்கில் எல்லாம் 'சிறு வனப்பொருள்' என்கிற தலைப்பின் கீழ்தான் வருகின்றன. சிறு என்பது யாருடைய தராசில்?

நிமீப்பூ நிலத்தின் மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1887இல் வந்த டாஸ் சட்டம் கூட்டு நிலத்தைத் தனி நபர் துண்டுகளாக்கியது. 1889 முதல் 1892 வரை அங்கே துண்டு போட்டவர் ஆலிஸ் ஃபிளெச்சர் என்கிற மானிடவியலாளர். நல்ல எண்ணம் கொண்டவர், பூர்வகுடிகளைச் சொத்துடைமையாளர்களாக்கினால் பிழைத்துக்கொள்வார்கள் என்று நம்பியவர். மக்கள் அவருக்கு 'அளக்கிற பெண்' என்று பெயர் வைத்தார்கள். 'உபரி' நிலம் 1895இல் குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. வடக்குக் காமஸ் புல்வெளி இன்று பெரும்பாலும் கோதுமை. லூயிஸ் ஏரி என்று மயங்கிய வீப்பே சமவெளியின் ஒரு பகுதி தேசிய வரலாற்றுப் பூங்காவில் இருக்கிறது, அங்கே காமஸ் இன்னும் பூக்கிறது. விக்டோரியாவில் லெக்வுங்கன் பெண்கள் அந்த மஞ்சள் புதரை வெட்டி எறிந்து மறுபடி கிழங்கு போடுகிறார்கள், குழியடுப்பும் வைக்கிறார்கள்.

தெற்குப் புல்வெளி இருக்கும் மாவட்டத்துக்கு 1917இல் காமஸ் மாவட்டம் என்றே பெயர் வைத்தார்கள். இந்தத் தடவை எழுத்துப் பிழை வரவில்லை. மே மாதக் கடைசியில் அங்கே ஒரு சதுப்பு நிலம் நீலமாகப் பூக்கும், படம் பிடிக்க ஆட்கள் வருவார்கள். 1868 ஒப்பந்தத்தின் இரண்டாம் ஷரத்தில் இன்றைக்கும் கான்சஸ் புல்வெளி என்றுதான் இருக்கிறது.